குழந்தையின் சீனிக் கணக்கு: எதை வெட்டுவது, எதை விடுவது

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டிப் பாறசாலை என்று எந்த ஊரிலும் காலையில் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. தாத்தா கையில் சாயா, மடியில் பத்து மாதக் குழந்தை. பிஸ்கட்டின் ஒரு முனையைச் சாயாவில் முக்கி, அது ஊறி உதிர்வதற்குள் குழந்தையின் வாயில் வைக்கிறார். குழந்தை சப்புகிறது, சிரிக்கிறது, மறுபடி வாயைத் திறக்கிறது. அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் சீனிக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பிறந்ததிலிருந்து ஆறு வயதுவரை வீட்டில் சீனியை எப்படிக் குறைப்பது, குறைக்கும்போது என்னென்ன இடறும், ஏன் இந்த வயதில் குறைக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓணத்துப் பாயசத்தையோ கிறிஸ்துமஸ் கேக்கையோ கோயில் கொடைப் பாயசத்தையோ இங்கே யாரும் பிடுங்கப்போவதில்லை. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் வரும் இனிப்பு பெரிய விஷயமே இல்லை. 365 நாளும் காலையும் மாலையும் சத்தமில்லாமல் உள்ளே போகும் சீனிதான் விஷயம்.

மூளைக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு

பிறக்கும்போது குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் இருக்கும். இரண்டு வயதில் பெரியவர்கள் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. வேறு எந்த உறுப்பும் இந்த வேகத்தில் வளர்வதில்லை. ஐந்து வயதை ஒட்டி, உடல் சும்மா இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

"அப்படியானால் மூளைக்குச் சீனி வேண்டும்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூளைக்கு வேண்டியது குளுக்கோஸ். அதைச் சோறு, இட்லி, புட்டு, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), பயறு, தாய்ப்பால் எல்லாவற்றிலிருந்தும் உடல் தானே பிரித்துக்கொள்ளும். மேலே ஒரு ஸ்பூன் சீனி போடுவதால் மூளைக்குக் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடாது.

நினைவுக்கான வேலையில் பெரும்பங்கு ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியுடையது. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் அடியில், கடல்குதிரை போல வளைந்து கிடக்கும் சின்னப் பகுதி. 'எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன், எதோடு சேர்த்துப் பார்த்தேன்' என்ற முடிச்சுகளைப் போடுவது அதுதான். பிறந்த பிறகும் அது பல வருடம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் காலத்தில் வரும் குறைகள் அதைச் சீக்கிரம் தாக்குகின்றன.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் கனோஸ்கியின் ஆய்வுக்குழு இதை எலிகளில் சோதித்தது. இளம் எலிகளுக்கு வழக்கமான தீனியோடு 11 சதவீதம் சர்க்கரை கலந்த நீரும் வைத்தார்கள். கடைகளில் விற்கும் கோலா பானங்களின் இனிப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். நம்மூர் அக்கானியும் (பதநீர்) அந்த அளவை ஒட்டியே வரும். 2015-ல் வெளியான முடிவின்படி, வளரும் பருவத்தில் இனிப்பு நீர் குடித்த எலிகளுக்கு ஹிப்போகேம்பஸ் சார்ந்த நினைவு குறைந்தது. வளர்ந்த எலிகள் அதே நீரைக் குடித்தபோது அந்தக் குறைவு தென்படவில்லை.

2021-ல் அதே குழு இன்னும் உள்ளே போனது. சிறுவயதில் இனிப்பு நீர் குடித்து வளர்ந்த எலிகளின் குடலில் பாராபாக்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா கூடியிருந்தது. இனிப்பே குடிக்காத எலிகளுக்கு அந்தப் பாக்டீரியாவை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் நினைவு மங்கியது. அவர்கள் வைத்த சோதனையைக் கொஞ்சம் கவனியுங்கள். எலிக்கு இரண்டு பெட்டியும் பழக்கம், இரண்டு பொருளும் பழக்கம். ஆனால் ஒரு பொருள் தன் வழக்கமான பெட்டியில் இல்லாமல் மற்றப் பெட்டியில் இருக்கிறது. நல்ல நினைவுள்ள எலி 'இது இங்கே இருந்ததில்லையே' என்று அதையே சுற்றிச்சுற்றி முகர்ந்து பார்க்கும். இனிப்பில் வளர்ந்த எலிக்கு அந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடவில்லை. பொருளை அது மறக்கவில்லை, பொருளுக்கும் இடத்துக்குமான முடிச்சுதான் அவிழ்ந்துபோயிருந்தது.

எலி வேறு, பிள்ளை வேறு. மனிதரில் இப்படிச் சோதனை வைக்க முடியாது. தொடர்ந்து கவனித்துப் பார்க்க மட்டுமே முடியும். பாஸ்டன் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்-பிள்ளை இணைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை அதிகம் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளும், சிறுவயதில் இனிப்புப் பானம் அதிகம் குடித்த பிள்ளைகளும் பிறகு நடந்த அறிவுத்திறன் சோதனைகள் சிலவற்றில் பின்தங்கியிருந்தார்கள். பழம் அதிகம் சாப்பிட்ட பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். பழத்திலும் சர்க்கரைதான் இருக்கிறது. ஆனால் நாரோடும் சதையோடும், மென்று விழுங்கும் வேகத்தில் உள்ளே போகிறது.

பிரிட்டனில் போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் நீங்கியது. ரேஷன் இருந்தபோது கருவிலும் முதல் இரண்டு வயதிலும் இருந்தவர்களையும், நீங்கிய பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. முதல் ஆயிரம் நாளில் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு, பெரியவர்களான பிறகு இரண்டாம் வகை நீரிழிவு 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் 20 சதவீதமும் குறைவாக வந்தன. இது நினைவைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் இந்த இரண்டு நோயும் முதுமையில் மூளையின் ரத்தக்குழாய்களைப் பதம் பார்ப்பவை.

போகிற போக்கில் இன்னொன்று. "சீனி தின்றால் பிள்ளை துள்ளும், அடங்காது" என்பது சோதனைகளில் நிற்கவில்லை. 1995-ல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சர்க்கரைக்கும் துடுக்குத்தனத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளை துள்ளுகிறதா என்று பார்த்துச் சீனியை அளக்க வேண்டாம். அமைதியாக உட்கார்ந்து சீனி தின்னும் பிள்ளைக்கும் கணக்கு ஒன்றுதான்.

எவ்வளவு வரை போகலாம்

இரண்டு வயதுவரை தனியாகச் சேர்க்கும் சீனி வேண்டவே வேண்டாம். அதன் பிறகு, உணவின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,100 கலோரி. 5 சதவீதம் என்றால் 14 கிராம் சீனி. தட்டையாக வழித்த டீஸ்பூனில் மூன்றரை. 10 சதவீதம் என்றால் 28 கிராம், ஏழு ஸ்பூன்.

கருப்பட்டி, வெல்லம், பனங்கற்கண்டு, தேன், பழச்சாறு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். கருப்பட்டி விஷயத்தில்தான் நம் வீடுகள் ஏமாறுகின்றன. "சீனி போடல, கருப்பட்டிதான்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான். இரும்புச்சத்துக்காக என்றால், 10 கிராம் வெல்லத்தில் கிடைப்பது அரை மில்லிகிராம்கூட இல்லை. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும். வெல்லத்தாலேயே அதை எட்டப் பார்த்தால் 170 கிராமுக்கு மேல் கொடுக்க வேண்டிவரும். மணத்துக்காகக் கருப்பட்டி போடுங்கள், மருந்தென்று நினைத்துப் போடாதீர்கள்.

முழுப் பழத்துக்கும் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரைக்கும் இதில் கணக்கில்லை.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

நேராக நிறுத்தப் போனால் இரண்டாம் நாள் வீட்டில் சண்டை வரும், மூன்றாம் நாள் சீனி டப்பா திறக்கும். முதல் ஏழு நாள் அடுக்களைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பிள்ளையின் வாயில் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். கொடுத்தது யார் என்று எழுத வேண்டாம். எழுதினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

எழுதுவதற்கு முன் உங்கள் ஸ்பூனை அளந்துகொள்ளுங்கள். டீஸ்பூனில் சீனியைத் தட்டையாக வழித்தால் 4 கிராம். குவித்து அள்ளினால் 6, 7 கிராம் ஏறும். "ரெண்டே ரெண்டு ஸ்பூன்தான்" என்று ஒரு வீட்டில் சொல்வது 8 கிராமாக இருக்கும், அடுத்த வீட்டில் 14.

மூன்று வயதுப் பிள்ளையின் சாதாரண நாள் ஒன்று தாளில் இப்படி வரும். காலையில் அரை டம்ளர் சாயா, ஒரு ஸ்பூன் சீனி: 5 கிராம். குளுக்கோஸ் வகை பிஸ்கட் நாலு: 5 முதல் 6 கிராம். பதினோரு மணிக்குப் பாலில் சத்துப்பொடி இரண்டு ஸ்பூன், மேலே சீனி ஒன்று: 11 கிராம். மாலை கடையிலிருந்து 150 மில்லி மாம்பழ பானம், அட்டைப்பெட்டி: 20 கிராம். ராத்திரி பாலில் சீனி ஒரு ஸ்பூன்: 5 கிராம். கூட்டினால் 45 கிராமைத் தாண்டுகிறது. இந்த நாளில் மிட்டாய் கிடையாது, ஐஸ்கிரீம் கிடையாது, விருந்து கிடையாது. "எம்பிள்ள இனிப்பே சாப்பிடாது" என்று சொல்லும் வீட்டுக் கணக்கு இது.

பாக்கெட்டின் பின்புறம் பார்க்கும்போது இரண்டு வரியைத் தேடுங்கள்: மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை. நமக்கு இரண்டாவது வரி. பக்கத்தில் தினசரித் தேவையில் இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அங்கேதான் ஆள் மாட்டுவான். அந்தச் சதவீதம் நாளுக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2,000 கலோரி என்ற பெரியவர் கணக்கில் போட்டது. 12 சதவீதம் என்றிருந்தால் 6 கிராம். மூன்று வயதுப் பிள்ளையின் 14 கிராமில் அது 40 சதவீதத்துக்கு மேல். சேர்மானப் பட்டியலில் சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று வருபவையெல்லாம் சீனியும் அதன் ஒன்றுவிட்ட உறவுக்காரர்களும்தான். எது அதிகமோ அது பட்டியலில் முதலில் வரும். முதல் மூன்றில் இவற்றில் ஒன்று இருந்தால் அது இனிப்புப் பண்டம், அட்டையில் மூளை படம் போட்டிருந்தாலும் சரி.

பிறந்தது முதல் ஆறு மாதம்

செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, தடுக்க வேண்டியது மட்டும் உண்டு. சேனை தொடுவது என்று சீனித் தண்ணியோ தேனோ நாக்கில் வைக்கும் பழக்கம் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறது. தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் விதை, குழந்தையின் குடலில் முளைத்து உடலைத் தளரச் செய்யும் பாட்டுலிசம் நோயைக் கொண்டுவரலாம். பெரியவர்கள் மனம் நோகாமல் சடங்கு நடக்க வேண்டும் என்றால், பாட்டியின் சுத்தமான விரலில் தாய்ப்பால் ஒரு சொட்டு. சேனை தொட்ட மாதிரியும் ஆச்சு. தாய்ப்பாலே 100 மில்லிக்கு 7 கிராம் அளவு பால் சர்க்கரையோடு இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆறு முதல் பன்னிரண்டு மாதம்: குறுக்கு

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடியைக் கூழாகக் கிண்டும் குறுக்கு நம் பகுதியின் முதல் உணவு. இதில் கருப்பட்டியோ பனங்கற்கண்டோ ஏன் போடுகிறோம் என்று யோசித்தால் ஒரு விஷயம் பிடிபடும். பெரும்பாலும் வேகாத பச்சை வாடையை மறைக்கத்தான். குழந்தை துப்புகிறது, உடனே கருப்பட்டி. சரியாக வேகவைத்தால் இனிப்பு வேண்டியிருக்காது.

பொடிக்கு நன்றாக முற்றிய, ஆனால் மஞ்சள் தட்டாத ஏத்தங்காய் எடுங்கள். இளங்காயானால் பொடி துவர்க்கும், பழுக்கத் தொடங்கினால் காயாமல் பிசுபிசுக்கும். தோல் சீவி, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வட்டமாக அரிந்து, வெள்ளைத்துணியில் ஒட்டாமல் பரப்பி, மேலே வலைத்துணி மூடிக் காயவையுங்கள். நல்ல வெயிலில் மூன்று நாள். ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்தப் பொடி பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் வெயிலை நம்பிச் செய்யாதீர்கள். காய்ந்ததைப் பொடித்து இரண்டு முறை சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். ஒரு கிலோ காய்க்கு 150 முதல் 200 கிராம் பொடி கிடைக்கும்.

குறுக்குக்கு ஒரு மேசைக்கரண்டிப் பொடியை 150 மில்லி ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, அதன் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் பொடியைக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாக நிற்கும் கட்டிகள் விழும். பச்சை வாடை அங்கிருந்துதான் வருகிறது. சிறுதீயில் விடாமல் கிளறி ஆறு முதல் எட்டு நிமிடம். முதலில் வெள்ளையாகக் கெட்டிப்படும். அப்போது இறக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. நிறம் அடர்ந்து, மேலே ஒரு மினுக்கம் வந்து, கரண்டியை விட்டு வழுக்கி விழும்வரை பொறுங்கள். இறக்கி அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் அல்லது நெய். இனிப்பு வேண்டும் என்றே தோன்றினால் அரை மட்டிப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம், நம் வீடுகளில் பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் பழம்.

குறுக்கையே மூன்று வேளையும் கொடுப்பது அடுத்த தவறு. காய்ப்பொடி மலத்தைக் கட்டும், புரதமும் இரும்பும் அதில் சொற்பம். ஒரு வேளை குறுக்கு, மறுவேளை குழைந்த சோறும் சிறுபயறும், இன்னொரு வேளை வேகவைத்த முட்டை மஞ்சள் கரு அல்லது முள் நீக்கிய சாளை (மத்தி மீன்). சிறுவயதில் இரும்புச்சத்துக் குறைந்தால் ஹிப்போகேம்பஸின் வளர்ச்சியே அடிபடுகிறது. சீனியின் பெரிய குற்றமே வயிற்றில் அது பிடித்துக்கொள்ளும் இடம்தான். நாலு பிஸ்கட் தின்ற பிள்ளை முட்டை தின்னாது.

புதுச் சுவையைக் குழந்தை முதல் தடவை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எட்டுப் பத்துத் தடவையாவது வெவ்வேறு நாளில் ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்த்த பிறகே அந்தத் தீர்ப்பு.

ஒன்று முதல் இரண்டு வயது: சாயாவும் பொடிகளும்

இந்த வயதில் சாயா அறவே வேண்டாம். சீனி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தேயிலையின் டானின் உணவிலுள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடுவது. சாயாவும் பிஸ்கட்டும் சேர்ந்தால் இரும்பு வரவும் இல்லை, வந்ததும் சேர்வதில்லை.

தாத்தாவிடம் "கொடுக்காதீங்க" என்று சொன்னால் அவர் கைக்கும் குழந்தை வாய்க்கும் நடுவில் இருந்த உறவைப் பறித்ததாகத்தான் படும். அந்தக் கைக்கு வேறொன்றைக் கொடுங்கள். அதே நேரம், அதே மடி, ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த ஏத்தன்பழத் துண்டுகள். தோலோடு பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, நடுவிலுள்ள கறுப்பு நரம்பை உருவிவிட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கினால் குழந்தையே பிடித்துச் சப்பும். சாயாவில் முக்குகிற அந்த விளையாட்டை மட்டும் விட முடியாது என்றால், முக்க வெதுவெதுப்பான பால் இருக்கட்டும், முக்குவதற்கு இட்லித் துண்டு இருக்கட்டும்.

எல்லை வீடுகளில் இரண்டு மாநிலத்துப் பொடியும் வரும். இந்தப் பக்கத்து அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கும், அந்தப் பக்கத்து அமிர்தம் பொடியில் சீனி. இனிப்புக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பருப்பும் தானியமும் சேர்ந்த நல்ல பொடிகள் அவை. வறுத்த கேப்பை மாவைச் சம அளவு கலந்து வைத்துக்கொண்டால் இனிப்பு பாதியாகும். கிண்டும்போது மேலே சீனி போடாமல் இருப்பதுதான் முக்கியம். பல வீடுகளில் இனிப்புள்ள மாவுக்கே மறுபடி கருப்பட்டி போடுகிறார்கள்.

இரண்டு முதல் ஆறு வயது: பாலில் உள்ள சீனியை இறக்குவது

பழகிய நாக்கைத் திடீரென்று திருப்ப முடியாது, படியிறக்கலாம். பாலில் தட்டையாக இரண்டு ஸ்பூன் போடும் வீடு என்றால் முதல் வாரம் ஒன்றரை, இரண்டாம் வாரம் ஒன்று, மூன்றாம் வாரம் அரை, நாலாம் வாரம் ஒன்றுமில்லை. இது கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. காலையில் அம்மா கலக்குவதும் மாலையில் பாட்டி கலக்குவதும் வேறு வேறு அளவாக இருந்தால் பிள்ளை எந்தப் படியிலும் நிற்காது. பால் கலக்குவது ஒரே கையாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒரே ஸ்பூனாகவாவது இருக்கட்டும். ஆறிப்போன பாலில் இனிப்பு மட்டாகத் தெரியும். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் அதே சீனி கூடுதலாக இனிக்கும். சில்லென்று குடிக்கும் சர்பத்திலும் ஐஸ்கிரீமிலும் அவ்வளவு சீனி கொட்டுவதும் இதனால்தான். மூன்றாவது, "இன்னைக்குச் சீனி கொறச்சிருக்கேன்" என்று பிள்ளையிடம் அறிவிப்பது. அறிவிக்காதீர்கள்.

அரை ஸ்பூனிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது பால் மீதியாகலாம். ஆகட்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைகள் சோற்றைக் குறைத்து ரத்தசோகைக்குப் போவதும் உண்டு. பாலைக் குடிக்க வைப்பதற்காகச் சத்துப்பொடி வாங்குவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அதற்குப் பதில் அந்தப் பாலை உறைய ஊற்றித் தயிராகக் கொடுங்கள். 2024 ஏப்ரலில் மத்திய அரசு இந்தச் சத்துப்பொடிப் பானங்களை இணைய விற்பனையில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று சொன்னது. கடை அலமாரியில் அவை இன்னும் அதே கம்பீரத்தோடுதான் நிற்கின்றன.

செயற்கை இனிப்பூட்டிக்கு மாறுவது தீர்வாகாது. நாக்கு அதே உயரத்திலேயே நிற்கும்.

மாலைப் பசிக்கு நம் சாயாக்கடைக் கண்ணாடிப்பெட்டி பெரிய சோதனை: பழம்பொரி, சுகியன், மோதகம், வெட்டு கேக். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிழமையைச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் தேங்காய் போட்ட சிறுபயறுச் சுண்டல், மரச்சீனியும் மீன்கறியும், தேங்காய்ச் சில்லோடு அவல். நிலக்கடலை முழுதாக வேண்டாம், ஐந்து வயதுவரை தொண்டையில் சிக்கும் பயம் உண்டு, இடித்துக் கொடுக்கலாம். குடிக்க இளநீர், அல்லது எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட மோர். அக்கானி சீசனில் அரை டம்ளர், அதுவும் சாப்பாட்டோடு.

கவனிக்காமல் விடும் சில

எடை குறைந்த பிள்ளைக்குச் சீனி போட்டால் தேறும் என்பது தவறான கணக்கு. 5 கிராம் சீனியில் 20 கலோரி. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் 40 கலோரிக்கு மேல். குழைந்த சோற்றில் எண்ணெய், இடித்த கடலை, முட்டை. எடை ஏறுவது அதில்தான்.

இருமல் சிரப்புகள் பலவற்றில் சீனிப்பாகு உண்டு. ராத்திரி மருந்து கொடுத்தபின் இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். இனிப்புப் பால் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைக்கு முன்பற்கள் சொத்தையாகும். பல்வலியில் தூக்கம் போகும். பகலில் கற்றதை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான்.

வயிற்றுப்போக்கின்போது ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கையில் "அதில் சர்க்கரை இருக்கிறதே" என்று தயங்கவே கூடாது. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் அதில் இருப்பது சுவைக்காக இல்லை; குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்க அது வேண்டும். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்து நடுங்கும்போது டாக்டர் சொன்னபடி சீனி கொடுத்தே ஆக வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் இங்கே போட்ட கணக்கு எதுவும் செல்லாது.

விருந்து நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு. வெறும் வயிற்றில் பாயசம் குடித்த பிள்ளை அவியலைத் தொடாது. ஓணத்துக்குச் சர்க்கரை உப்பேரியும் பொங்கலுக்கு முந்திரிக்கொத்தும் கிலோ கணக்கில் வீட்டுக்கு வந்து, டப்பாவில் பத்து நாள் உட்கார்ந்து தினசரிச் சீனியாக மாறுவதுதான் ஆபத்து. அன்றைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அன்றே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் தாளை ஒட்டி எழுதிப் பாருங்கள். பிள்ளையை உட்காரவைத்து நினைவுச் சோதனை நடத்த வேண்டாம், அது அப்படித் தெரிகிற சங்கதி இல்லை. தெரியக்கூடியவை வேறு: சோற்றுக்கு முன் பசி வருகிறதா, பல்லில் புதுக் கறுப்பு இல்லையா, ஹீமோகுளோபின் ஏறுகிறதா. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது 11-க்குக் கீழே இருந்தால் சீனிக் கணக்கோடு நில்லாமல் டாக்டரைப் பாருங்கள்.

வெளியே போகும்போது சாயாக்கடையில் "ஒரு பால், வித்தவுட்" என்று சொல்லிப் பழகுங்கள். "ஆருக்கு, சுகர்காரருக்கா?" என்று மாஸ்டர் கேட்பார். "பிள்ளைக்கு" என்றால் ஒரு நொடி பார்ப்பார், பிறகு ஆற்றித் தருவார். நாலாவது தடவை கேட்கமாட்டார்.